கொடுமுடிக் கோகிலம்
வெள்ளைப் புடவையில் வெற்றி கண்ட கே. பி. சுந்தராம்பாள்

ரெயில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டியில் கூட்டம். குழந்தை அழுகிறது. வெற்றிலை போடுகிறவர்கள் வெற்றிலை போடுகிறார்கள். ஒரு மூலையில் ஒரு சிறுமி எழுந்து நின்று பாடத் தொடங்குகிறாள்.

ரெயிலின் சத்தத்தையும் மீறிக்கொண்டு அந்தக் குரல் எழுகிறது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். பாட்டு முடிகிறது. சிறுமி கையை நீட்டுகிறாள். காலணாவும் அரையணாவும் விழுகின்றன.

அன்று அந்தச் சிறுமிக்கு அது ஒரு வேளைச் சோறு.

அதே சிறுமி பிற்காலத்தில் ஒரு சினிமாப் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். சட்ட மேல்-சபையில் உறுப்பினராக அமர்ந்தார். ஜனாதிபதியின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார். அவர்தான் கே. பி. சுந்தராம்பாள்.

ஒளவையார் என்றதும் நம் கண் முன்னே ஒரு முகம் வருகிறதல்லவா? நெற்றி நிறைய திருநீறு, கையில் கோல், வாய் நிறையத் தமிழ். அந்த முகம் சுந்தராம்பாளின் முகம்தான்!

இவருடைய வாழ்க்கையில் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற நடிகைகள் இளமையையும் அழகையும் காட்டிப் புகழ் பெற்றார்கள். சுந்தராம்பாள் இருபத்தைந்து வயதிலேயே இரண்டையும் ஒதுக்கிவைத்தார். அதன் பிறகுதான் சினிமாவில் காலடி வைத்தார். நாற்பது ஆண்டுகள் நிலைத்து நின்றார்.

அது எப்படி நடந்தது?

காவிரிக் கரைக் குழந்தை

ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவே, காவிரிக் கரையில் உள்ள ஊர் கொடுமுடி. அங்கே மகுடேசுவரர் கோவில் இருக்கிறது. அந்த ஊரில் 1908-ம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். கே. பி. சுந்தராம்பாள் என்றால் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்று பொருள். தகப்பனார் பெயரின் முதல் எழுத்து அல்ல. தாயார் பெயரின் முதல் எழுத்துதான் வாழ்நாள் முழுவதும் அவருடன் வந்தது.

காரணம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைச் சுமந்தவர் தாயார்தான். குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு.

சுந்தராம்பாள் சங்கீதப் பள்ளிக்கூடம் எதற்கும் போகவில்லை. காதால் கேட்டதை வாயால் பாடினார். கோவிலில் கேட்ட பாட்டு, நாடகக் கொட்டகைப் பக்கம் கேட்ட பாட்டு, எல்லாம் அவருக்குப் பாடம். பசி வந்தபோது அந்தப் பாட்டுதான் கை கொடுத்தது.

அக்காலத்தில் எப். ஜி. நடேச அய்யர் என்று ஒருவர் இருந்தார். ரெயில்வேயில் பெரிய அதிகாரி. நாடகம் என்றால் அவருக்கு உயிர். திருச்சியில் ரசிக ரஞ்சன சபையைத் தோற்றுவித்தவர் அவரே. ரெயிலில் பாடிய சிறுமியின் குரல் அவர் காதில் விழுந்தது. இந்தக் குரல் ரெயிலில் பிச்சைக்காசுக்குப் பாட வேண்டிய குரல் அல்ல என்று அவர் கண்டுகொண்டார். சிறுமிக்கு நாடக மேடைக்கு வழி பிறந்தது.

பசித்த பிள்ளையின் பாட்டு

வேலு நாயர் நாடகக் கம்பெனி அந்நாளில் பெயர் பெற்றது. அதில் சுந்தராம்பாள் சேர்ந்தார். முதலில் சிறுவர் வேடங்கள் கிடைத்தன.

நல்லதங்காள் கதை உங்களுக்குத் தெரியும். பஞ்சத்தால் வாடி, ஏழு பிள்ளைகளுடன் அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணியால் அவமானப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த தாயின் கதை. அந்த நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையாக சுந்தராம்பாள் நடித்தார்.

பசியை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மேடையில் அந்தப் பிள்ளை பசிக்கிறது என்று பாடியபோது, கொட்டகையில் இருந்த தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கால நாடகத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது ஒலிபெருக்கி கிடையாது. கீற்றுக் கொட்டகை. முன்னால் தரை, பின்னால் பெஞ்சு. நாடகம் இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கோழி கூவும்போதுதான் முடியும். ஆர்மோனியக்காரர் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கூச்சல் எழும். தொண்டை உள்ளவர் பிழைத்தார். இல்லாதவர் வேறு வேலைக்குப் போனார்.

சுந்தராம்பாளின் தொண்டை வெண்கலத் தொண்டை. உச்சத்தில் ஏறிப் பாடினாலும் குரல் உடையாது. சொல் தேயாது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் காதில் விழும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பாட்டின் பொருள் புரிந்தது. அவருடைய வெற்றிக்கு இதுவே பெரிய காரணம்.

கொழும்பில் ஒரு சந்திப்பு

தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகள் அக்காலத்தில் கடல் கடந்து இலங்கைக்கும் போகும். கொழும்பில் தமிழ் நாடகத்துக்கு நல்ல வசூல். சுந்தராம்பாளும் இலங்கை சென்று நடித்தார். அங்கே அவருக்குப் பெரிய பெயர் ஏற்பட்டது.

அதே சமயம் தமிழ்நாட்டில் ஒரு நடிகர் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். அவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே மேடை ஏறியவர். அவர் குரல் எட்டாத உயரத்துக்கு எட்டும். சங்கீத வித்துவான்களே அவருடைய பாட்டைக் கேட்க நாடகக் கொட்டகைக்கு வருவார்கள்.

1926-ம் ஆண்டு கிட்டப்பா கொழும்புக்கு வந்தார். இருவரையும் ஒரே மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்று நாடகக்காரர்கள் விரும்பினார்கள். ஆனால் இரு பக்கமும் பயமுறுத்துகிறவர்கள் இருந்தார்கள். கிட்டப்பாவுடன் பாடினால் உன் பெயர் அடிபட்டுப் போகும் என்று சுந்தராம்பாளிடம் சிலர் சொன்னார்கள். அந்தப் பெண்ணுடன் பாடி மாட்டிக்கொள்ளாதே என்று கிட்டப்பாவிடம் சிலர் சொன்னார்கள்.

இருவரும் அஞ்சவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் நாடகம் நடந்தது. கிட்டப்பா முருகன். சுந்தராம்பாள் வள்ளி. தினைப்புனத்தில் இருவரும் பாட்டிலேயே வாதாடும் கட்டம் வந்தது. அவர் ஒரு படி ஏறினால் இவர் ஒரு படி ஏறினார். கொட்டகை அதிர்ந்தது. போட்டியில் யாரும் தோற்கவில்லை. இருவரும் வென்றார்கள்.

கல்யாணமும் கலக்கமும்

மேடையில் தொடங்கிய நட்பு அன்பாக மாறியது. 1927-ல் மாயவரத்தில் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

அது சுலபமான கல்யாணம் அல்ல. கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். இருவருக்கும் சாதி வேறு. கிட்டப்பாவின் வீட்டில் எதிர்ப்பு இருந்தது. ஊர் வாயையும் மூட முடியவில்லை.

ஆனால் மேடையில் அவர்களுக்கு இணை யாருமில்லை. வள்ளி திருமணம், கோவலன், ஞானசவுந்தரி, நந்தனார் என்று ஊர் ஊராக நாடகங்கள் நடந்தன. இந்த ஜோடி வருகிறது என்றால் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். இசைத்தட்டுகள் வெளிவந்தன. வீட்டில் கிராமபோன் வைத்திருந்தவர்கள் திண்ணையில் வைத்து அதைச் சுழலவிடுவார்கள். தெருவே கூடி நின்று கேட்கும்.

வெளியே இத்தனை புகழ். உள்ளே நிம்மதி இல்லை. இருவருக்கும் நடுவே மனத்தாங்கல் வந்தது. பிரிவும் வந்தது. கடிதங்களில் வருத்தமும் கோபமும் மாறி மாறி ஓடின. கிட்டப்பாவைக் குடிப்பழக்கம் பிடித்துக்கொண்டது. உடல் நலம் கெட்டது.

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27.

சுந்தராம்பாளுக்கு வயது 25.

வெள்ளைப் புடவை

அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலம் சில ஆண்டுகள்தான். அதிலும் சண்டை இருந்தது, பிரிவு இருந்தது. சுந்தராம்பாளுக்குப் பணம் இருந்தது, பெயர் இருந்தது, வயது இருந்தது. வேறு வாழ்க்கை தேடிக்கொள்ள வழி இருந்தது.

அவர் தேடவில்லை. நகைகளைக் கழற்றினார். பட்டுப் புடவைகளை ஒதுக்கினார். வெள்ளைப் புடவை உடுத்தினார். நெற்றியில் திருநீறும் கழுத்தில் உருத்திராட்சமும் அணிந்தார். இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

அந்த உறுதியைச் சாகும்வரை காப்பாற்றினார்.

இதை எல்லாப் பெண்களும் பின்பற்ற வேண்டும் என்று சொல்ல முடியாது. கணவனை இழந்த பெண்ணின் பூவையும் பொட்டையும் பறித்து மூலையில் உட்காரவைத்த பழக்கம் கொடியது. அந்த வழக்கத்தால் எத்தனையோ இளம் பெண்களின் வாழ்க்கை பாழாய்ப் போயிற்று. அந்த வழக்கம் மாறியதே நல்லது.

சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டினார். ஆனால் மூலையில் உட்காரவில்லை. அந்தப் புடவையோடு சபை நடுவே வந்து நின்றார். தாலி இழந்த பெண் எதிரே வந்தால் சகுனம் பார்த்த காலம் அது. அந்தக் காலத்தில், வெள்ளைப் புடவை உடுத்திய ஒரு பெண்ணைப் பார்க்கவும் கேட்கவும் ஆயிரக்கணக்கானவர்கள் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். இது சிறிய விஷயமா?

ஒரு லட்ச ரூபாய்!

சில காலம் சுந்தராம்பாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பாடவும் இல்லை. பெரியவர்கள் பலர் வற்புறுத்தினார்கள். பிறகு மெல்ல மேடைக்குத் திரும்பினார்.

கதாநாயகிக்கு எதிரே கதாநாயகன் நிற்பான். அந்த வேடம் வேண்டாம் என்றாகிவிட்டது. அப்படியானால் என்ன செய்வது? தாமே கதாநாயகனாகிவிட்டார்! நந்தனார் வேடத்தைத் தாமே போட்டார்.

அப்போது தமிழ்ப் பேசும் படங்கள் வரத் தொடங்கியிருந்தன. முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931-ல் வந்தது. நாடகத்தில் புகழ் பெற்றவர்களைத் தேடி முதலாளிகள் வந்தார்கள். அசந்தாஸ் என்ற பட முதலாளி சுந்தராம்பாளைத் தேடி வந்தார்.

சுந்தராம்பாளுக்கு சினிமாவில் விருப்பமில்லை. எப்படியாவது அவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்தவரிடம் முகத்தில் அடித்தாற்போல் மாட்டேன் என்று சொல்லவும் மனமில்லை. ஆகவே ஒரு லட்சம் ரூபாய் தந்தால் நடிப்பதாகச் சொன்னார். மாதம் பதினைந்து, இருபது ரூபாய் சம்பளத்தில் குடும்பம் நடத்திய காலம் அது. ஒரு லட்சம் என்றால் ஆள் ஓடிப்போவார் என்று எண்ணினார்.

ஆள் ஓடவில்லை. சரி என்றார்!

சொன்ன சொல்லை மீற முடியாது. 1935-ல் பக்த நந்தனார் வெளிவந்தது. மாணிக்லால் டாண்டன் டைரக்ட் செய்தார். நந்தனாராக சுந்தராம்பாள். வேதியராக, பெரிய சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத அய்யர்.

நந்தனார் ஆதனூரில் பிறந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு அடியார். தில்லை நடராசரைப் பார்க்க ஏங்கியவர். நாளை போவேன், நாளை போவேன் என்று காத்திருந்தவர். பண்ணை முதலாளியான வேதியர் விடமாட்டேன் என்கிறார். கடைசியில் அந்த வேதியரே நந்தனாரை வணங்குகிறார். அய்யர் ஒருவர் நந்தனார் வேடம் போட்ட பெண்ணின் காலில் விழுவதா என்று வைதீகர்கள் முணுமுணுத்தார்கள். எழுத்தாளர் கல்கி படத்தைக் கேலி செய்து விமர்சனம் எழுதினார். படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

ஆனாலும் ஒரு லட்ச ரூபாய் நாடெங்கும் பேச்சாயிற்று. இந்தியாவிலேயே ஒரு படத்துக்கு லட்சம் ரூபாய் வாங்கிய முதல் நட்சத்திரம் சுந்தராம்பாள்தான் என்று சினிமா சரித்திரம் எழுதுகிறவர்கள் குறிப்பிடுகிறார்கள். ரெயிலில் காலணாவுக்குப் பாடிய குரலுக்குக் கிடைத்த விலை அது.

1940-ல் மணிமேகலை படத்தில் நடித்தார். அரசகுமாரன் விரும்பியும் மறுத்து, துறவறம் பூண்டு, அமுதசுரபியை ஏந்தி ஊரார் பசியைப் போக்கியவள் மணிமேகலை. பசியில் வளர்ந்த சுந்தராம்பாளுக்கு அந்த வேடம் பொருத்தமாக அமைந்தது.

தேசத் தொண்டு

நாடகக்காரர்களைக் கூத்தாடி என்று இழிவாகப் பேசிய காலம் ஒன்று இருந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அப்படி நினைக்கவில்லை. அவரே நாடகத்தில் பிரியம் உள்ளவர். நூறு பிரசங்கம் செய்ய முடியாத காரியத்தை ஒரு பாட்டு செய்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

நாடக நடிகர்கள் புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாட்டுப் பாடுவார்கள். போலீசார் கொட்டகை வாசலில் காத்திருப்பார்கள். விசுவநாத தாஸ் என்ற நடிகர் இப்படிப் பாடியே பலமுறை சிறை சென்றார்.

சுந்தராம்பாளும் தேசியப் பாடல்களைப் பாடினார். அவை இசைத்தட்டிலும் வந்தன. காங்கிரஸ் மேடைகளில் தலைவர்கள் பேசுவதற்கு முன்னால் சுந்தராம்பாள் பாடுவார். கூட்டம் கலையாமல் இருப்பதற்கு அந்தக் குரல் போதும். 1937-ம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்று பாடினார். கதர் உடுத்தினார்.

காந்தியடிகள் கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்ததாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சுந்தராம்பாள் தங்கத் தட்டில் உணவு பரிமாறினாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தியடிகள் சிரித்துக்கொண்டே கேட்டாராம். சுந்தராம்பாள் உடனே தட்டையும் கொடுத்துவிட்டாராம். காந்தியடிகள் அதை ஏலம் விட்டு, பணத்தைப் பொதுக் காரியத்துக்குச் சேர்த்துக்கொண்டாராம்.

நாடு விடுதலை அடைந்தது. 1951-ல் சுந்தராம்பாள் சென்னை சட்ட மேல்-சபை உறுப்பினர் ஆனார். இந்தியாவில் சினிமாத் துறையில் இருந்து சட்டசபைக்குள் நுழைந்த முதல் ஆள் இவரே என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் எத்தனையோ நடிகர்களும் நடிகைகளும் அந்த வழியில் போனார்கள். கதவைத் திறந்தவர் கொடுமுடியில் பிறந்த ஓர் ஏழைப் பெண்.

ஒளவையார் வந்தார்

மணிமேகலைக்குப் பிறகு பல ஆண்டுகள் சுந்தராம்பாள் படத்தில் தோன்றவில்லை. ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் ஒளவையார் கதையைப் படமாக்க நினைத்தார். யார் நடிப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. சுந்தராம்பாள்தான்.

கொத்தமங்கலம் சுப்பு டைரக்ட் செய்தார். செலவைப் பற்றிக் கவலைப்படாமல் வாசன் படத்தை எடுத்தார். யானைக் கூட்டம் வந்து கோட்டையைத் தகர்க்கும் காட்சியைப் பார்த்து மக்கள் வாய் பிளந்தார்கள். 1953-ல் படம் வெளிவந்தது.

கதை இதுதான். இளம் பெண் ஒளவைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். அவளுக்கு விருப்பமில்லை. தமிழுக்கும் தெய்வத்துக்கும் தொண்டு செய்ய நினைக்கிறாள். பிள்ளையார் முன்னே நின்று, என் இளமையை எடுத்துக்கொள் என்று வேண்டுகிறாள். அந்தக் கணமே கிழவியாகிறாள். இளம் ஒளவையாக குசலகுமாரி நடித்தார். கிழவியானதும் சுந்தராம்பாள் வருகிறார்.

அந்த இடத்தில் கொட்டகையில் இருந்தவர்களுக்கு மெய் சிலிர்த்தது. காரணம், எல்லோருக்கும் சுந்தராம்பாளின் கதை தெரியும். இளமை வேண்டாம் என்று ஒதுக்கிய பெண்ணின் வேடத்தில், அதேபோல் ஒதுக்கிய ஒரு பெண்ணே வந்து நின்றார். ஒப்பனை கொஞ்சம்தான் தேவைப்பட்டது. மற்றதை வாழ்க்கை செய்து வைத்திருந்தது.

அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 45-தான்! ஆனால் பார்த்தவர்கள் பாட்டி என்றே எண்ணினார்கள்.

ஆத்திசூடியைப் புத்தகத்தில் படித்த பிள்ளைகள் ஒளவையைக் கண்ணால் பார்த்தார்கள். சினிமாவே பார்க்காத கிழவிகள்கூடப் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள்.

முருகனும் பாட்டியும்

1964-ல் பூம்புகார் படம் வந்தது. கதை வசனம் மு. கருணாநிதி. சுந்தராம்பாள் காங்கிரஸ்காரர், முருக பக்தர். கருணாநிதியோ தி.மு.க.; கடவுள் மறுப்புக் கொள்கை உடையவர். இவர் படத்தில் அவர் நடிப்பாரா என்று பலரும் நினைத்தார்கள். சுந்தராம்பாளும் முதலில் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு வழி நடத்திச் செல்லும் சமணத் துறவி கவுந்தி அடிகளாக நடித்தார். கொள்கை வேறு, கலை வேறு என்று இருவரும் காட்டினார்கள்.

அடுத்த ஆண்டு 1965-ல் திருவிளையாடல். ஏ. பி. நாகராஜன் எடுத்த படம். சிவனாக சிவாஜி கணேசன், பார்வதியாக சாவித்திரி. மாம்பழம் கிடைக்காத கோபத்தில் முருகன் ஆண்டிக் கோலத்தில் மலையேறிவிடுகிறான். அவனைச் சமாதானம் செய்ய ஒளவைப் பாட்டி வருகிறாள். சுந்தராம்பாள் பாடுகிறார். பக்தை கடவுளிடம் பாடுவதுபோல் அது இல்லை. கோபித்துக்கொண்ட பேரனைப் பாட்டி கெஞ்சிக் கொஞ்சி அழைப்பதுபோல் இருக்கிறது. அதனால்தான் அந்தக் காட்சி வீட்டுக்கு வீடு பிடித்துப்போயிற்று.

கிட்டப்பா முருகனாக நின்றபோது எதிரே வள்ளியாகப் பாடியவர் சுந்தராம்பாள். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து அதே முருகனுக்குப் பாட்டியாகப் பாடினார். உடம்பு தளர்ந்திருந்தது. குரல் தளரவில்லை. நடுவே ஒரு முழு வாழ்க்கை ஓடிப்போயிருந்தது.

1967-ல் கந்தன் கருணை படத்திலும் ஒளவையாக வந்தார். 1969-ல் சாண்டோ சின்னப்பா தேவரின் துணைவன் படத்தில் பாடினார். அதற்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். இளம் பாடகிகள் பலர் இருக்க, விருது பாட்டியைத் தேடி வந்தது!

1970-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

1973-ல் காரைக்கால் அம்மையார் படத்தில் அம்மையாராகவே நடித்தார். கணவன் விலகிப் போனபின், இந்த அழகு இனி எதற்கு என்று சிவனிடம் வேண்டி, பேய் உருவம் பெற்றவர் காரைக்கால் அம்மையார்.

மணிமேகலை, ஒளவையார், கவுந்தி அடிகள், காரைக்கால் அம்மையார். இந்த நான்கு பேரையும் வரிசையாக எண்ணிப் பாருங்கள். ஒருவரும் யாருக்கும் ஜோடி அல்ல. ஒருவரும் அழகைக் காட்டி நின்றவர் அல்ல. தமிழ் இலக்கியத்திலும் புராணத்திலும் தன்னந்தனியாக நின்று பெரும் பெயர் பெற்ற பெண்கள். தாம் போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டால் சுந்தராம்பாளுக்கு வேடங்கள் குறைந்தன என்று சொல்வதற்கில்லை. அந்தக் கட்டுப்பாடுதான் இந்த வேடங்களை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது.

மறையாத குரல்

1980-ம் ஆண்டு சுந்தராம்பாள் காலமானார். திரையுலகமும் அரசியல் உலகமும் திரண்டு வந்து அஞ்சலி செலுத்தின. கிட்டப்பா மறைந்து ஏறத்தாழ 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை அந்த வெள்ளைப் புடவை மாறவில்லை.

அவர் வாழ்க்கையில் வருத்தம் உண்டு. ஒரு நல்ல குடும்ப வாழ்வு அவருக்குக் கிடைக்கவில்லை. அன்பு கொண்ட கணவர் பாதியில் விலகினார். பாதி வயதில் மறைந்தார். அந்தத் துக்கத்தை யாராலும் ஈடு செய்ய முடியாது. லட்ச ரூபாயும் விருதும் ஈடு செய்யாது.

ஆனால் அந்தத் துக்கம் தம்மை விழுங்க அவர் விடவில்லை. எந்த வேடம் போடுவது, யாருடன் நடிப்பது, எத்தனை ரூபாய் வாங்குவது என்பதை எல்லாம் அவரே முடிவு செய்தார். பெண்ணுக்காக மற்றவர்கள் முடிவு செய்த காலத்தில் அவர் அப்படி வாழ்ந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. பின்னால் நிற்க ஆண் துணையும் இல்லை. இருந்தது ஒரு குரல். சொன்ன சொல் தவறாத ஒரு நெஞ்சு.

இன்றும் மார்கழி விடியலிலும் தைப்பூச நாளிலும் கோவில் ஒலிபெருக்கியில் ஒரு கணீர்க் குரல் கேட்கும். காவடி தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களின் கால் வலியை அது மறக்கச் செய்யும். வாசலில் கோலம் போடுகிற அம்மா கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார். யார் பாடுவது என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்கும்.

அப்போது ஒளவைப் பாட்டி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ரெயிலில் பாடிய அந்தக் கொடுமுடிச் சிறுமியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.